ஒரு நகர மன்றத் தீர்மானத்தில் இயற்பியல்

நகர மன்றக் கூட்டம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, குப்பைத் தொட்டி, வீட்டு வரி. இவற்றுக்கும் இயற்பியல் பாடநூலுக்கும் என்ன தொடர்பு என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். "அது அரசியல் சார், இது அறிவியல்" என்று ஒருவர் பதிலும் சொல்லிவிடுவார்.

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பொதுக் கட்டடத்தின் சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும், சன்னல் எந்தத் திசையை நோக்கவேண்டும், ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே எவ்வளவு இடம் விடவேண்டும், இடித்த கட்டடத்தின் மரத்தையும் செங்கல்லையும் என்ன செய்யவேண்டும் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது மன்றம்தான். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்க ஒரு நிமிடம் போதும். அதன்படி எழுந்த சுவரோ ஐம்பது ஆண்டு நிற்கும். அந்த ஐம்பது ஆண்டும், நாள்தோறும், அதன் வழியே வெப்பம் பாய்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பாயும் என்பதை மன்றம் முடிவு செய்துவிட்டது. எப்படிப் பாயும் என்பதை இயற்கை விதி முடிவு செய்கிறது.

இதற்கு ஓர் உண்மை எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பர்க் என்னும் மிகச் சிறிய நகரத்தின் கதையைக் காண்போம்.

ஊரும் கிணறும்

கான்சஸ் மாநிலம் அமெரிக்காவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளியும் கோதுமை வயலுமாகப் பரந்து கிடக்கும் சமவெளி. கிரீன்ஸ்பர்க் அங்கே உழவர்களின் ஊர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,574. நம் நாட்டில் இதைச் சிற்றூர் என்போம். அங்கே இதற்கும் ஒரு மேயர் உண்டு, ஒரு நகர மன்றம் உண்டு. 'கிரீன்' என்றால் பச்சை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு அந்தப் பெயர் நிறத்தால் வந்ததன்று. அந்தக் காலத்தில் குதிரை வண்டிப் போக்குவரத்து நடத்திய கிரீன் என்பவரின் பெயரால் வந்தது.

இந்த ஊருக்கு ஒரு பெருமை இருந்தது. 1887இல் தொடங்கி 1888இல் முடிக்கப்பட்ட பெரிய கிணறு ஒன்று அங்கே உண்டு. 109 அடி ஆழம், 32 அடி விட்டம். எந்திரம் இல்லாமல் மனிதர்கள் கையாலேயே தோண்டியது. 1932 வரை ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. பிறகு சுற்றுலாப் பயணிகள் படியிறங்கிப் பார்க்கும் இடமாயிற்று. இந்தக் கிணற்றை மறந்துவிடாதீர்கள்; பின்னால் நமக்குப் பயன்படும்.

2007 மே 4

அன்று இரவு பத்து மணியை நெருங்கும் வேளை. டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று கிரீன்ஸ்பர்க்கைத் தாக்கியது. நம் கடற்கரையைத் தாக்கும் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ளது. நாள்கணக்கில் நகர்ந்து வருவது. டொர்னேடோ அப்படியன்று. இடிமேகத்திலிருந்து தும்பிக்கைபோல் தரை வரை தொங்கும் சுழற்காற்றுத் தூண் அது. அன்று வந்த தூணின் அகலம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், ஊரின் அகலத்தைவிடப் பெரிது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள்.

இந்த வேகத்தின் பொருள் என்ன? வீசும் காற்று ஒரு சுவரின்மேல் தரும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவினது. மணிக்கு 330 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 92 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று கொண்டால், அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5,000 நியூட்டன். அதாவது, சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் 500 கிலோ எடையைச் சாய்த்து வைத்ததுபோல. மரச்சட்டங்களால் ஆன வீடுகள் இதைத் தாங்குமா?

தாங்கவில்லை. சில நிமிடங்களில் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அழிந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, நகர மன்றக் கட்டடம், கடைகள், வீடுகள் எல்லாம் போயின. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் பலர் மாளாமல் தப்பியதற்குக் காரணம், எச்சரிக்கைச் சங்கு முன்கூட்டியே ஒலித்தமையும், மக்கள் வீட்டின் அடியில் நிலத்துக்குள் கட்டியிருந்த அறைகளில் பதுங்கியமையும்தான். தரைக்கு மேலே இருந்தவை பறந்தன. தரைக்குக் கீழே இருந்தவை பிழைத்தன.

விரைவாகக் கட்டுவதா, நன்றாகக் கட்டுவதா?

மறுநாள் காலை அந்த மன்றத்தின் உறுப்பினர்களுக்கே வீடு இல்லை. கூட்டம் போடக் கட்டடம் இல்லை. ஊர்க் கூட்டங்கள் பெரிய கூடாரத்தில் நடந்தன. மக்கள் தற்காலிக வண்டி வீடுகளில் தங்கியிருந்தனர். வேலை தேடி, பள்ளி தேடி, பக்கத்து ஊர்களுக்குக் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு மாதம் தாமதித்தாலும் இன்னும் சில குடும்பங்கள் திரும்பிவராமல் போகலாம்.

இந்த நிலையில், விரைவாகவும் மலிவாகவும் பழையபடியே கட்டிவிடுவோம் என்று நினைப்பது இயல்பே. அப்போது மேயராக இருந்த லானி மெக்கொலம் முதலியோர் வேறொரு வழியைச் சொன்னார்கள். "எப்படியும் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டத்தான் போகிறோம், குறைந்த ஆற்றலில் இயங்கும் ஊராகவே கட்டினால் என்ன?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கூரையில்லாதவனிடம் போய்க் கூரையின் வெப்பக் காப்பைப் பற்றிப் பேசினால் கோபம் வராதா? வீண் செலவு என்றும், நகரவாசிகளின் நாகரிகம் என்றும் சிலர் எண்ணினர்.

ஆனால் அந்தச் சமவெளியில் முதன்முதலில் குடியேறிய உழவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டித் தடித்த சுவர் எழுப்பினார்கள். காற்றாடி வைத்துக் கிணற்று நீர் இறைத்தார்கள். தடித்த சுவரும் காற்றின் ஆற்றலும் அந்த மண்ணுக்குப் புதியவையல்ல. இது விளங்கியபோது பலர் மனம் மாறினர்.

2007 டிசம்பரில் நகர மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நகரத்துக்குச் சொந்தமாகக் கட்டப்படும் கட்டடங்களில் 4,000 சதுர அடிக்கு மேற்பட்டவை யாவும் 'லீட்' என்னும் தரவரிசையில் மிக உயர்ந்த பிளாட்டினத் தகுதி பெறவேண்டும். வழக்கமான கட்டட விதிகளின்படி கட்டினால் ஆகும் ஆற்றலில் 42 விழுக்காட்டைக் குறைக்கவேண்டும். அமெரிக்காவில் இப்படித் தீர்மானித்த முதல் நகரம் இந்தச் சின்னஞ்சிறு கிரீன்ஸ்பர்க்தான்.

'லீட்' என்பது பரீட்சை மதிப்பெண் போன்றது. கட்டடம் செலவிடும் மின்சாரம், தண்ணீர், பயன்படுத்திய பொருள்கள், கட்டும் இடம், உள்ளே வரும் காற்றும் வெளிச்சமும் ஆகியவற்றுக்குத் தனித்தனியே புள்ளிகள் உண்டு. அக்காலத்து விதிப்படி மொத்தம் 69 புள்ளிகள். 26 பெற்றால் தேர்ச்சி. அதன்மேல் வெள்ளி, தங்கம். 52 பெற்றால் பிளாட்டினம்.

ஒன்றைக் கவனியுங்கள். மன்றம் தன் கட்டடங்களுக்குத்தான் இந்த நிபந்தனையை விதித்தது. உடைமையெல்லாம் இழந்து நின்ற குடிமக்களின் வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கவில்லை. தான் செய்து காட்டுவோம், பார்த்துச் செய்பவர் செய்யட்டும் என்பதே அதன் வழி.

இனி அந்த 42 விழுக்காடு எங்கிருந்து வரும் என்று பார்ப்போம்.

சுவர்

சுவர் வழியே ஒரு வினாடியில் பாயும் வெப்பம் மூன்றைப் பொறுத்தது: சுவரின் பரப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, சுவரின் தடிப்பும் பொருளும். முதலிரண்டும் அதிகமானால் வெப்பம் அதிகம் பாயும். தடிப்பு அதிகமானால் குறைவாகப் பாயும்.

கான்சஸ் குளிர்காலத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 30 டிகிரி செல்சியஸ். சுவரின் பரப்பு 100 சதுர மீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 2 வாட் வெப்பம் பாயும். மொத்தம் 2 × 100 × 30 = 6,000 வாட். ஆறு மின்சார அடுப்புகளை இரவும் பகலும் எரியவிட்டுத்தான் அந்த இழப்பை ஈடு செய்யமுடியும். நடுவே நுரைப் பொருள் வைத்து வெப்பக் காப்புச் செய்த சுவரில் அதே இழப்பு 0.3 வாட் அளவுக்கு இறங்கும். அப்போது மொத்தம் 900 வாட். ஓர் அடுப்பு கூட வேண்டாம்.

நுரை ஏன் காக்கிறது? அதில் சிறு சிறு அறைகளில் அடைபட்ட காற்று இருக்கிறது. காற்று வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும். அது சுழன்று நகர்ந்தால்தான் வெப்பத்தைத் தூக்கிச் செல்லும். அடைத்து வைத்துவிட்டால் அதுவும் முடியாது. கம்பளி நம்மைக் காப்பதும் இதே காரணத்தால்தான்.

சன்னலும் நிழலும்

கிரீன்ஸ்பர்க் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 37.6 டிகிரியில் உள்ளது. அங்கே ஜூன் 21 நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 76 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். டிசம்பர் 21 நண்பகலிலோ 29 டிகிரி உயரத்தில் தாழ்ந்து நிற்கும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

தெற்குச் சுவரில் 1.5 மீட்டர் உயரச் சன்னல் ஒன்று இருக்கட்டும். அதன் தலைமட்டத்தில் 38 சென்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு போதும். கோடை நண்பகலில் அதன் நிழல் 38 × டான் 76° = ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் கீழே இறங்கும்; சன்னல் முழுவதும் நிழலில். குளிர்கால நண்பகலில் நிழல் 38 × டான் 29° = 21 சென்டிமீட்டர்தான்; சன்னலின் பெரும்பகுதி வழியாக இளவெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். எந்த எந்திரமும் இல்லாமல், கோடையில் மூடி, குளிரில் திறக்கும் கதவு இது!

மேற்குச் சன்னலில் இந்த உத்தி பலிக்காது. மாலைச் சூரியன் தாழ்வாக நேரே எதிரில் நிற்பதால் சன்ஷேடின் நிழல் கீழே இறங்காது. ஆகவேதான் கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்து, சன்னல்கள் தெற்கையும் வடக்கையும் நோக்குவது நல்லது. தெரு எந்தத் திசையில் ஓடுகிறதோ, வீடும் பெரும்பாலும் அதற்கேற்பத்தான் திரும்பும். தெருவின் திசையை வகுப்பது யார்? நகரத் திட்டம்.

இன்னொன்றும் உண்டு. தெற்கே எதிர்வீடு மிக அருகில் இருந்தால் குளிர்கால வெயில் நம் சன்னலை எட்டாது. 6 மீட்டர் உயர வீட்டின் நிழல், சூரியன் 29 டிகிரியில் இருக்கும்போது ஏறத்தாழ 11 மீட்டர் நீளும். எனவே இரு வீடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் விடுவது, எத்தனை மாடி கட்டலாம் என்று நிலத்தைப் பகுத்து விதி செய்யும்போது, மன்றம் உண்மையில் சூரிய வெளிச்சத்தைத்தான் பங்கிடுகிறது. ஒருவர் நிழல் இன்னொருவர் வீட்டில் விழுவதால்தான் இதற்குப் பொதுவிதி தேவைப்படுகிறது.

கிணற்றின் பாடம்

இப்போது கிணற்றுக்கு வருவோம். மார்கழி விடியலில் கிணற்று நீரை மொண்டு ஊற்றினால் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சித்திரை நண்பகலில் அதே நீர் குளுமையாக இருக்கும். உண்மையில் நீரின் வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை. மாறுவது வெளிக் காற்றுதான். மண் வெப்பத்தை மெல்லவே கடத்துவதால், பல மீட்டர் ஆழத்தில் கோடையும் குளிரும் எட்டுவதில்லை. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலையே எப்போதும் நிலவும். கிரீன்ஸ்பர்க் பகுதியில் அது ஏறத்தாழ 14 டிகிரி.

புதிய நகர மன்றக் கட்டடத்தைக் கட்டியபோது இந்த உண்மையைப் பயன்படுத்தினார்கள். நிலத்துக்குள் குழாய்களை இறக்கி நீரைச் சுழலவிட்டார்கள். குளிர்காலத்தில் அந்த நீர் மண்ணின் வெப்பத்தை எடுத்து வரும். வெப்பப் பம்பு என்னும் கருவி அதை இன்னும் உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றி அறைக்குள் விடும். கோடையில் எதிர்வழியில் இயங்கி, அறையின் வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளும்.

குளிர்சாதனப் பெட்டியும் வெப்பப் பம்புதான். உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்துப் பின்புறத்தில் வெளியே விடுகிறது. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதைவிட, இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவது சிக்கனமானது. ஓர் அலகு மின்சாரம் கொண்டு மூன்று, நான்கு அலகு வெப்பத்தை அறைக்குள் சேர்க்கலாம். ஆற்றல் அழியாமை விதி இங்கே மீறப்படவில்லை. மிச்சம் மண்ணிலிருந்து வந்தது. ஏற்றவேண்டிய வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்க இருக்கப் பம்பின் வேலை எளிதாகும். உறைபனிக் காற்றிலிருந்து வெப்பம் எடுப்பதைவிட, 14 டிகிரி மண்ணிலிருந்து எடுப்பது எளிதன்றோ?

நூறாண்டுக்கு முன் கிணறு தோண்டியவர்கள் தண்ணீருக்காகத் தோண்டினார்கள். அவர்கள் பேரர்கள் வெப்பத்துக்காகத் தோண்டினார்கள்.

பழைய மரம், புதிய கூடம்

ஊரே இடிபாடாகக் கிடந்தபோது அதையெல்லாம் அள்ளிக் குழியில் கொட்டுவதுதான் எளிய வழி. பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. ஆனால் புதிய கட்டடங்களில் பழைய பொருள்களுக்கும் இடம் கிடைத்தது.

'5.4.7 கலைக்கூடம்' இதற்கு நல்ல சான்று. அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், 5.4.7 என்பது ஊர் அழிந்த நாளே. கான்சஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் தாங்களே வரைந்து, தாங்களே கட்டினார்கள். அதன் வெளிச்சுவருக்கு, அம்மாநிலத்தில் கைவிடப்பட்ட பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து எடுத்த மரப் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். மூன்று சிறிய காற்றுச் சுழலிகளையும் நிறுத்தினார்கள். அழிவு நேர்ந்து ஓராண்டில், 2008இல், கூடம் எழுந்தது. கான்சஸ் மாநிலத்திலேயே பிளாட்டினத் தகுதி பெற்ற முதல் கட்டடம் அதுதான்.

பழைய பலகையைப் பயன்படுத்துவதால் ஆற்றல் எப்படி மிச்சமாகிறது? ஒரு செங்கல்லைச் சூளையில் சுடவும், சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடாக்கவும், மரத்தை அறுத்து உலர்த்தி ஏற்றி வரவும் எரிபொருள் வேண்டும். அந்த ஆற்றல் பொருளுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதாகக் கணக்கு வைப்பார்கள். உடைந்த செங்கல்லைக் குழியில் போட்டால் அது போனது போனதுதான். முழுச் செங்கல்லை எடுத்து மறுபடி சுவரில் வைத்தால், இன்னொரு செங்கல்லுக்குச் சூளை மூட்டவேண்டாம். குப்பை என்று நாம் சொல்வதில் பாதி, நம் கணக்கில் வராத ஆற்றல்.

எதிரியே வேலையாள்

கிரீன்ஸ்பர்க்கை அழித்தது காற்று. அந்தக் காற்றையே வேலைக்கு வைத்தார்கள். ஊருக்குத் தெற்கே பத்துப் பெரிய காற்றாலைகள் 2010இல் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1.25 மெகாவாட், மொத்தம் 12.5 மெகாவாட். சுமார் 4,000 வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் என்று கணக்கிட்டார்கள். ஊரின் தேவையைவிட இது அதிகம். மிகுதி மின்தொகுப்புக்குப் போகிறது. காற்று ஓய்ந்த நேரத்தில் தொகுப்பிலிருந்து ஊருக்கு மின்சாரம் வருகிறது.

காற்றின் ஆற்றலில் ஒரு வியப்பு உண்டு. நகரும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆனால் வேகம் கூடினால், ஒரு வினாடியில் சுழலியைக் கடக்கும் காற்றின் அளவும் கூடும். ஆகவே கிடைக்கும் திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 38 வாட் திறன் இருக்கும். 8 மீட்டர் வேகத்தில் 307 வாட்! வேகம் இரு மடங்கு; திறன் எட்டு மடங்கு. இதில் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்கமுடியாது என்றும் இயற்பியல் காட்டுகிறது. முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி ஏது?

காற்றாலையை எங்கே நிறுத்துவது என்பது ஏன் பெரிய கேள்வி என்று இப்போது புரிகிறதா? வீடுகளும் மரங்களும் தடுக்கும் இடத்தில் காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால், திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். திறந்த வெளியும் உயரமும் தேவை. இதுவும் நிலத்தைப் பகுத்து ஒதுக்கும் வேலைதான்.

என்ன கிடைத்தது?

நகர மன்றக் கட்டடம் 2009இல் முடிந்தது. அதன் கூரை மழைநீரைச் சேர்த்துக் கொடுக்கிறது. தெருவிளக்குகள் அனைத்தையும் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினார்கள். ஒளியை நாலாபுறமும் சிதறாமல் தெருவை நோக்கியே செலுத்துவது அவற்றின் சிறப்பு. மன்றத்தின் தீர்மானம் பள்ளியையும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்தவில்லை. எனினும் அவற்றை நடத்துவோரும் அதே பிளாட்டினத் தகுதியை நோக்கிக் கட்டினார்கள். இத்தகைய 13 கட்டடங்கள் சேர்ந்து ஆண்டுக்கு 2,00,000 டாலர் மிச்சப்படுத்துவதாக அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் கணக்கிட்டது. இதே அளவு ஐம்பது ஆண்டு தொடருமானால் ஒரு கோடி டாலர்!

ஆனால் கதையை இங்கே முடித்துவிட்டால் அது முழு உண்மையாகாது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிரீன்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 777. 2020இல் 740. போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை, அல்லது வந்தவர்களின் இடத்தை நிரப்ப வேறு ஆள் இல்லை. சமவெளியின் உழவூர்கள் பலவற்றில் மக்கள்தொகை நெடுங்காலமாகவே குறைந்துகொண்டு வருகிறது. பெரிய எந்திரங்கள் வந்தபின் வயலுக்கு ஆள் வேண்டியதில்லை. இளைஞர் நகரங்களுக்குப் போகின்றனர். சுவரில் நுரை வைத்து வெப்பத்தைத் தடுக்கலாம். ஆளைத் தடுக்க முடியாது.

அப்படியானால் தீர்மானம் வீணா? நான் அவ்வாறு கருதவில்லை. ஊர் சிறுத்துவிட்டதால் வரி கொடுப்போரும் குறைந்துவிட்டனர். அந்தக் குறைந்த வரியில் பள்ளியும் மருத்துவமனையும் மன்றமும் நடக்கவேண்டும். மின்கட்டணம் குறைவாக வரும் கட்டடம் அவர்களுக்கு அலங்காரமன்று, பிழைப்பு. இயற்பியல் வாக்குறுதி கொடுத்தது ஆற்றலைப் பற்றி; அதைக் காப்பாற்றியது. ஊர் வளரும் என்ற வாக்குறுதியை அது கொடுக்கவில்லை. ஒரு தீர்மானத்தை மதிப்பிடும்போது, அது எதைச் செய்யக்கூடியது, எதைச் செய்யக்கூடாதது என்று பிரித்துப் பார்ப்பதும் அறிவியல் மனப்பான்மையே.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கிரீன்ஸ்பர்க் செய்ததை அப்படியே நம் ஊரில் செய்தால் நன்மை விளையாது. அங்கே குளிர்கால வெயில் வரம். நமக்கு வெயிலைத் தவிர்ப்பதே கவலை. விதி எங்கும் ஒன்றுதான். விடை ஊருக்கு ஊர் வேறு. அட்சரேகையையும், காற்றையும், மண்ணையும் அளந்து பார்த்து, அந்த எண்களை விதியில் இட்டுத்தான் விடை காணவேண்டும். அளக்காமல் கை தூக்கினால், தவறு ஐம்பது ஆண்டு நிற்கும்.

செய்து பாருங்கள்

1. ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் செங்குத்தாக நட்டு, நண்பகலில் நிழலின் நீளத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். உங்கள் ஊரில் டிசம்பரில் 6 மீட்டர் உயர வீட்டின் நிழல் எவ்வளவு நீளும் என்று கணக்கிடுங்கள். (சென்னையில் ஏறத்தாழ 4.4 மீட்டர்.) ஜூன் மாதத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? ஏன்?

2. விடியற்காலையிலும் பிற்பகலிலும் வெளிக் காற்றின் வெப்பநிலையையும், பெரியவர் ஒருவர் துணையுடன் கிணற்றிலிருந்து மொண்ட நீரின் வெப்பநிலையையும் வெப்பமானியால் அளந்து ஒப்பிடுங்கள். எது அதிகம் மாறுகிறது?

3. உங்கள் பள்ளிக் கட்டடத்தில் எந்தச் சன்னல் வழியே மாலை வெயில் உள்ளே வருகிறது? எந்த வகுப்பறை மிகவும் சூடாக இருக்கிறது? ஒரு வாரம் குறிப்பெடுத்து அட்டவணை ஆக்குங்கள்.

4. உங்கள் ஊரில் புதிதாகப் பொதுக் கட்டடம் ஒன்று வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கண்ட அளவுகளைக் கொண்டு, ஊராட்சியின் முன் வைப்பதற்கு ஒரு பக்கத் தீர்மானம் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் காரணமாக ஓர் எண் இருக்கவேண்டும். எண் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.